பைபஸின் தூதும் கண்டியின் போரும்

போர் நடக்கும் வேளையில் வல்லரசொன்றின் நேசத்தை நாடும் சிற்றரசின் இக்கட்டினை 1762ஆம் ஆண்டிற் கண்டிக்கு வந்த ஆங்கிலத் தூது நன்கு புலப்படுத்தும். பயன் விளையாத தூதாதலின் அது பெரிதும் ஆராயப்படுவதில்லை.

ஒல்லாந்தரின் நிலக்கொள்கையை வெறுத்துக் கரையோரக் குடிகள் கிளர்ந்தெழுந்தபோது கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அவர்க்குத் துணைநின்றான்; 1761இல் அது முழுப் போராயிற்று. மதுரை நாயக்கர் வழித்தோன்றலாகிய அம்மன்னன், அதே ஆண்டிற் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்ததை அறியாதிருந்திருப்பான் எனக் கொள்வதற்கில்லை. அவன் சென்னைக்கு ஆளனுப்பி உதவி கோரினான்.

கம்பனி அலுவலரான ஜோன் பைபஸ் திருகோணமலையில் இறங்கிக் கண்டியை அடைந்தார். மன்னன் முன் முழந்தாளிட நேர்ந்ததை அவர் தம் அறிக்கையில் விரிவாக எழுதியுள்ளார். ஆயினும் இடர்ப்பாடு சடங்கிலன்று. கண்டியார் எதிர்பார்த்தது படை; பைபஸ் பேச வந்ததோ கறுவாவும் வணிக உரிமையும். ஐரோப்பாவில் நிகழ்ந்த ஏழாண்டுப் போரில் ஒல்லாந்து நடுநிலை வகித்தமையால், அதனைப் பகைக்கும் வாக்குறுதி அளிக்க அவருக்கு அதிகாரமில்லை.

கண்டியவைக்கும் ஐயத்திற்கு இடமிருந்தது. 1638இல் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயருக்கு எதிராக ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தான். கைப்பற்றப்படும் கோட்டைகளில் மன்னன் விரும்பினாலே ஒல்லாந்தர் காவற்படை வைக்கலாம் என்பது கண்டியார் கொண்ட பொருள். ‘மன்னன் விரும்பினால்’ என்னும் தொடரோ ஒல்லாந்தப் பிரதியில் இல்லை! இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை எனச் சிங்களப் பழமொழி இதனைக் கூறும்.

நேசம் கிட்டவில்லை; ஒல்லாந்தரின் கடும் நிபந்தனைகளை மன்னன் ஏற்கவுமில்லை. 1764இல் அவர்களது படையெடுப்புத் தோற்றது; 1765இல் கண்டி நகர் வீழ்ந்து சூறையாடப்பட்டது. எனினும் நோயும் உணவின்மையும் அவர்களை அவ்வாண்டிலேயே வெளியேற்றின. இருதரப்பும் களைத்த பின்னரே சமாதானப் பேச்சு முற்றுப்பெற்றது. 1766 பெப்ரவரி 14இல் கைச்சாத்தான உடன்படிக்கையாற் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தருக்காயிற்று. கண்டிக்கு உப்பெடுக்கும் உரிமை மிஞ்சியது. ஒல்லாந்தத் தூதர் மன்னன்முன் முழந்தாளிடும் வழக்கமும் ஒழிந்தது. கடலை இழந்த அரசுக்கு இது சிறிய இழப்பே.

1782இல் நிலைமை மாறிற்று. இங்கிலாந்தும் ஒல்லாந்தும் போரில் இருந்தன. இம்முறை நேசத்தை நாடிச் சென்னையிலிருந்து ஹியூ பொயிட் வந்தார். புதிதாக அரசுகட்டிலேறிய இராஜாதி இராஜசிங்கனின் அவை பைபஸை மறக்கவில்லை. கம்பனியோடன்று, பிரித்தானிய மன்னனோடு மட்டுமே உடன்படிக்கை செய்யலாம் என விடையளிக்கப்பட்டது. பொயிட் வெறுங்கையராய்த் திரும்பினார். வழியில் பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டார்.