உயிரிசையும் மின்னிசையும்

இயந்திரத்துக்கு உயிரில்லை, உயிரில்லாததற்கு உணர்ச்சியில்லை, உணர்ச்சியில்லாத இடத்தில் இசை எங்ஙனம் பிறக்கும் என்று வினவுவார் பலர். இவ்வினா மிகக் கடுமையாக எழுந்த இடங்களுள் ஒன்று அமெரிக்க நாட்டின் ஜாஸ் மேடையாகும். அம்மேடையில் மனிதனும் மின்சாரமும் முதலில் மோதிப் பின்னர்க் கைகோத்து நடந்த வரலாறு, உழைத்துண்ணும் மக்களாகிய நாம் அறியத்தக்கது. இயந்திரம் வருங்கால் யாருக்கு வாழ்வு, யாருக்குத் தாழ்வு என்ற கேள்வி அதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

ஜாஸ் என்பது யாது? ஆப்பிரிக்காவினின்றும் அடிமைகளாய்க் கொணரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி, நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆக்கிய இசை அது. அந்நகரின் காங்கோ சதுக்கத்தில் ஞாயிறுதோறும் கூடி ஆடவும் முரசறையவும் அவர்தம் முன்னோர்க்கு இடமளிக்கப்பட்டிருந்தது. அந்த முரசின் தாளமும், தேவாலயப் பாட்டும், வயற்காட்டு உழைப்பாளியின் குரலும், ஐரோப்பியரின் ஊதுகருவிகளும் கலந்து ஜாஸ் ஆயிற்று. எழுதி வைத்ததை அப்படியே ஒப்புவித்தல் இதன் மரபன்று. நம் நாகசுரக்காரர் ஓர் இராகத்தை எடுத்து மனோதர்மத்தால் விரித்துச் செல்வதுபோல, ஜாஸ் இசைப்போரும் ஒரு மெட்டை எடுத்து அந்நேரத்தில் தோன்றியவாறு வளர்ப்பர்; ஒருவர் கூறுவதை மற்றவர் செவியேற்று மறுமொழி தருவர். கேட்டலும் மறுமொழி தருதலுமே அவ்விசைக்கு உயிர். காதில்லாத இயந்திரம் இக்கூட்டத்தில் எங்ஙனம் சேரும்?

முதலில் வந்த இயந்திரம் இசைத்தட்டு. 1917இல் முதல் ஜாஸ் தட்டு வெளிவந்தது. கறுப்பின மக்கள் ஆக்கிய இசையின் முதல் தட்டில் வாசித்தோர் அனைவரும் வெள்ளையர் என்பதை நோக்குக! இயந்திரத்துக்கு நிறபேதம் தெரியாது. அதை உடையோர்க்குத் தெரிந்திருந்தது. பின்னர் 1927இல் பேசும்படம் தலையெடுத்தது. ஊமைப்படக் கொட்டகைகளில் வாசித்து வயிறு வளர்த்த ஆயிரக்கணக்கான வாத்தியக்காரர் சில ஆண்டுகளுள் வேலையிழந்தனர். வானொலி நிலையங்களும் உணவு விடுதிகளும் ஆள்களை அமர்த்துவதை விடுத்துத் தட்டுகளைச் சுழற்றலாயின. ஒருநாள் கூலிக்கு வாசித்துக் கொடுத்த தட்டே, மறுநாள் வாசித்தவனின் வேலையைப் பறித்தது.

இந்நிலையில் அமெரிக்க இசைவாணர் சங்கம், ஜேம்ஸ் பெட்ரில்லோவின் தலைமையில், 1942 ஆகஸ்ட் 1 முதல் தட்டுப் பதிவுக்கு வாசிப்பதில்லை என்று வேலை மறுத்தது. போர்க்காலத்தில் இது தகுமா என்று பழித்தோர் பலர். சங்கம் அசையவில்லை. 1943இல் ஒரு பெருங் கம்பெனி இணங்கிற்று. 1944 நவம்பரில் எஞ்சிய இரு பெருங் கம்பெனிகளும் பணிந்தன. விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிறு தொகை சங்க நிதியிற் சேரவும், அந்நிதியினின்று வேலையற்ற வாத்தியக்காரர்க்கு ஊதியம் கொடுத்துப் பொதுமக்களுக்கு இலவசக் கச்சேரி நடத்தவும் வழி பிறந்தது. இயந்திரத்தை உடைக்க வேண்டுமென்று அவர்கள் கூறினாரில்லை. அது ஈட்டும் பொருளில் தங்கள் பங்கைக் கேட்டனர். பின்வந்த வரலாறு முழுதுக்கும் இது ஓர் அளவுகோல் என்க.

நிற்க, மின்சாரம் கருவிக்குள்ளேயே புகுந்த கதையைக் காண்போம். பெரிய ஜாஸ் குழுக்களில் கிதார் வாசிப்பவரின் ஒலி, பித்தளை ஊதுகருவிகளின் முழக்கத்தில் அமிழ்ந்துபோகும். 1939இல் பென்னி குட்மன் குழுவிற் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் என்ற கறுப்பின இளைஞர், மின்சாரக் கிதாரால் அவ்வொலியை முன்வரிசைக்குக் கொணர்ந்தார். ஈளைநோயால் 1942இல் தமது 25ஆம் வயதில் அவர் மறைந்தார். ஆயினும் மின்சாரம் மனிதனின் கற்பனையைக் கெடுக்கவில்லை, கேட்கச் செய்தது என்பதை மெய்ப்பித்தே சென்றார்.

1969இல் பெரிய திருப்பம் நேர்ந்தது. டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ், மின்சார விசைக்கருவிகள் மூன்றையும் மின்கிதாரையும் சேர்த்துப் பிப்ரவரித் திங்களில் "இன் எ சைலண்ட் வே" என்ற தொகுப்பைப் பதிந்தார். கலைஞர் மனம்போல வாசித்தனர். ஒலிநாடாவை வெட்டி ஒட்டி உருவம் சமைத்தவர் தயாரிப்பாளர் டியோ மாசெரோ. தொடக்கத்தில் ஒலித்த பகுதியையே படியெடுத்து முடிவிலும் ஒட்டினார் அவர். அவ்வாண்டு ஆகஸ்டில் பதிந்து 1970இல் வெளியான "பிட்சஸ் புரூ" இம்முறையை மேலும் கொண்டுசென்றது. ஜாஸைப் பணத்துக்கு விற்றுவிட்டார் என்று தூற்றினர் சிலர். ஆனால் ஒலிநாடாவில் இருந்ததெல்லாம் அறையிலிருந்த மாந்தர் ஒருவரையொருவர் கேட்டு எழுப்பிய ஒலியே அன்றோ? டேவிஸிடம் பியானோ வாசித்த ஹெர்பி ஹான்காக், சிந்தசைசர் என்னும் மின்னணுக் கருவியைத் தழுவினார். 1983இல் அவர் வெளியிட்ட "ராக்கிட்" இயந்திரத் தாளத்தோடு, இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் உரசி எழுப்பும் ஒலியையும் சேர்த்தது. வாத்தியக்காரனின் வேலையைப் பறித்த அதே தட்டு, இப்போது வாத்தியமாயிற்று.

ஒரு தடை மட்டும் எஞ்சிற்று. அது காலம் பற்றியது. தாள இயந்திரம் கடிகாரம்போல் ஒரே சீராய் அடிக்கும். ஜாஸ் தாளமோ மூச்சுப்போல்வது. ஒருவர் அடிக்குச் சற்று முந்துவர், ஒருவர் பிந்துவர். அந்தச் சிறு இடைவெளியிலேயே இனிமை உள்ளது. இயந்திரத்தின் காலத்துக்கு மனிதன் கட்டுண்டால், மறுமொழி செத்துக் கட்டளையே எஞ்சும். இதனைத் தீர்க்க முயன்றவருள் ஒருவர் ஜார்ஜ் லூயிஸ். டிராம்போன் வாசிப்பவராகிய இவர், 1980களின் பிற்பகுதியில் "வாயேஜர்" என்ற கணினி நிரலை அமைத்தார். மேடையில் வாசிப்பவரின் ஒலியை அது கேட்டுத் தன் மறுமொழியைத் தானே இசைக்கும். காதில்லாததற்குக் காது வைத்த முயற்சி அது. நார்வே நாட்டினர் வேறொரு வழி கண்டனர். மின்னிசைக்காரர் வாத்தியக்காரரின் அருகமர்ந்து, அவர் ஊதிய ஒலியை அக்கணமே பிடித்து, மாற்றி, அவருக்கே திருப்பித் தருவார். கிறிஸ்டியான்சாண்ட் நகரில் 2005இல் தொடங்கிய "புங்க்ட்" என்னும் விழாவில், ஓர் அரங்கில் நிகழ்ந்த கச்சேரியை மற்றோர் அரங்கில் உடனே புதுக்கோலத்தில் வழங்கும் முறையும் வேரூன்றிற்று.

இனிக் கூலிக் கணக்கைப் பார்ப்போம். 1993இல் லண்டனைச் சேர்ந்த "அஸ் திரீ" குழு, ஹான்காக் 1964இல் பதிந்த இசையினின்று ஒரு துணுக்கை எடுத்து, இயந்திரத் தாளத்தில் கோத்து, உயிருள்ள டிரம்பெட்டையும் சேர்த்துப் புகழ்பெற்றது. இது தட்டுக் கம்பெனியின் இசைவோடு நடந்தது. மற்றொரு கதை கேளுங்கள். ஜாஸ் குழுவல்லாத "வின்ஸ்டன்ஸ்" என்பார் 1969இல் வெளியிட்ட தட்டொன்றில், கிரெகரி கோல்மன் என்ற முரசுக்காரர் ஏறத்தாழ 6 விநாடி தனித்து வாசித்தார். அத்துணுக்கு ஆயிரக்கணக்கான மின்னிசைப் பதிவுகளுக்கு அடித்தளமாயிற்று. பிரிட்டனில் 1990களில் எழுந்த ஒரு முழு இசைவகையே அதன்மேல் நின்றது. கோல்மனுக்குக் கிடைத்தது யாது? அதற்கென ஒரு காசும் பெறாமல் 2006இல் வறுமையில் இறந்தார். 2015இல் இரசிகர் திரட்டிய 24,000 பவுன் குழுத் தலைவரைச் சென்றடைந்தது. முரசுக்காரர் அதைக் காண இல்லை.

2021இல் வெளிவந்த "பிராமிசஸ்" என்ற படைப்பு இவ்வரலாற்றில் ஓர் உயர்ந்த படி. அதில் சாக்சபோன் முதுவர் ஃபேரோ சாண்டர்ஸ், மின்னிசைக்காரர் சாம் ஷெப்பர்ட், லண்டன் சிம்பனி இசைக்குழு ஆகிய மூவரும் இணைந்தனர். ஒரு சிறு மெட்டு மீண்டும் மீண்டும் வர, 80 வயதை எட்டிய முதியவரின் மூச்சுக்கு மின்னொலி வழிவிட்டு ஒதுங்கி நிற்கின்றது. இருவர் பெயரிலும் அப்படைப்பு வெளிவந்தது. 2022இல் சாண்டர்ஸ் மறைந்தார்; மூச்சு தட்டில் நிலைத்தது.

தோழர்களே! இயந்திரத்தைக் கண்டு அஞ்சுதலும் வேண்டா. அதனைத் தெய்வமெனத் தொழுதலும் வேண்டா. அது மனிதன் சொல்வதைக் கேட்கின்றதா, அதனுள் அடைக்கப்பட்ட உழைப்புக்கு உரியவனின் பெயரும் கூலியும் அவனைச் சேர்ந்தனவா என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்ற விடை கிடைக்குமிடத்தில் உயிரிசையும் மின்னிசையும் ஒன்றையொன்று வளர்க்கும். கிடையாதவிடத்தில், எத்துணை இனிய ஓசை எழுந்தாலும், அதனடியில் ஒரு கோல்மனின் கூலி நிலுவையில் நிற்கின்றது என்று அறிக.