கர்லாக்கட்டை முதல் ரப்பர் பட்டை வரை

தோள் வலிக்காகப் பிசியோதெரபிஸ்டிடம் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வலிப்பது தோளின் முன்பக்கத்தில். கை தலைக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது. அவரோ முதுகுப்பக்கம் வந்து நின்று, "ரெண்டு தோள்பட்டையையும் பின்னாடி சேர்த்துப் பிடிங்க, அஞ்சு எண்ணுங்க, இப்ப விடுங்க" என்கிறார். சுவரில் விரல்களை மேலே நடக்கவிடச் சொல்கிறார். வண்ண ரப்பர் பட்டை ஒன்றைக் கதவுக் கைப்பிடியில் கட்டி இழுக்கச் சொல்கிறார். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தப் பயிற்சி நம்மிடம் வந்து சேர்ந்த வழியில் பயில்வான்களும் நியூயார்க் வியாபாரியும் பாஸ்டன் டாக்டரும் பேஸ்பால் வீரர்களும் பல் மருத்துவர்களும் நிற்கிறார்கள்.

முதல் ஆள் பயில்வான். மல்யுத்தக் கூடங்களிலும் சிலம்பக் கூடங்களிலும் கர்லாக்கட்டை சுற்றுவது பழைய வழக்கம். கட்டையைத் தோளுக்கு மேல் தூக்கி, முதுகுக்குப் பின்னால் இறக்கி, தலையைச் சுற்றிக்கொண்டு முன்னால் எடுத்து வருவார்கள். இந்த ஒரு சுற்றில் தோள்பட்டை எலும்பு மேலேறும், கீழிறங்கும், முதுகுத்தண்டை நெருங்கும், விலகும். அதன் அசைவுகளில் ஒன்றுகூட மிச்சம் இருக்காது. வலிமைக்காகப் பழகிய வித்தை இது. வலிக்கு மருந்தாகும் என்று யாரும் இதைத் தொடங்கவில்லை.

இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் இதைப் பார்த்தார்கள், பழகினார்கள், ஊருக்குத் திரும்பும்போது கொண்டுபோனார்கள். 1830-களில் டொனால்டு வாக்கர் என்பவர் லண்டனில் உடற்பயிற்சிப் புத்தகங்கள் எழுதினார். பெண்களுக்கென்று அவர் எழுதிய புத்தகத்தில் நம் கட்டை 'இந்தியச் செங்கோல்' என்ற பெயரில், மெலிந்து, அழகாகக் கடைந்த வடிவத்தில் வருகிறது. இறுக்கமான உடையும் ஓயாமல் குனிந்து உட்காரும் பழக்கமும் உடம்பைக் கோணலாக்குகின்றன, அதைச் சரிசெய்யத்தான் இந்தப் பயிற்சி என்பது அவர் வாதம். இந்தப் பயணத்தின் முதல் பெரிய திருப்பமாக நான் நினைப்பது இதைத்தான். பயில்வானின் கருவி, உடம்பின் குறையைச் சரிசெய்யும் கருவியாகக் கைமாறியது அங்கேதான்.

அடுத்தவர் வியாபாரி. நியூயார்க்கைச் சேர்ந்த சிம் கெஹோ 1861-இல் இங்கிலாந்து போனபோது கட்டை சுற்றுவதைப் பார்த்து மயங்கினார். ஊர் திரும்பியதும் தாமே கட்டைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். 1866-இல் படங்களோடு புத்தகமும் போட்டார். உள்நாட்டுப் போரில் புகழ்பெற்று, பின்னாளில் அதிபரான தளபதி யுலிசிஸ் கிராண்டுக்கு ஒரு ஜோடி போனது. அவர் எழுதிய நன்றிக் கடிதம் நல்ல விளம்பரமாயிற்று. கெஹோவைப் பார்த்து மற்றவர்களும் கடையத் தொடங்க, பள்ளிக்கூடம், ராணுவம், ஒய்.எம்.சி.ஏ. எங்கும் கட்டைகள் சுழன்றன. 1904-இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் கட்டை சுற்றுதல் பதக்கப் போட்டியாகவே இருந்தது. 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மறுபடி நடந்தபோது தங்கம் வென்றவர் ஜார்ஜ் ராத், பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த இளைஞர். பதக்கத்தை வாங்கிக்கொண்டு அரங்கத்துக்கு வெளியே வந்து, போகிற வண்டிகளை நிறுத்தி இடம் கேட்டு வீட்டுக்குப் போனார் என்று சொல்வார்கள்.

அதே கட்டை இங்கேயும் திரும்பி வந்தது. நம் பள்ளி விளையாட்டு விழாக்களின் மாஸ் டிரில்லில் பிள்ளைகள் 'இந்தியன் கிளப்ஸ்' என்று சுற்றியது, கப்பலேறிப் போய்வந்த நம்முடைய கர்லாக்கட்டையைத்தான்.

இதுவரை கதையில் வலியே வரவில்லை. அதைக் கொண்டுவந்தவர் பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் அமோரி காட்மன். அறுவை செய்த ஒவ்வொரு நோயாளியும் பிறகு என்ன ஆனார் என்று மருத்துவமனைகள் தொடர்ந்து பார்த்துப் பதிவுசெய்ய வேண்டும், வெளியிடவும் வேண்டும் என்று அவர் விடாமல் வலியுறுத்தினார். 1915-இல் ஒரு மருத்துவர் கூட்டத்தில், மணலில் தலையைப் புதைத்துக்கொண்டு பொன்முட்டையிடும் நெருப்புக்கோழியாகப் பாஸ்டனின் பணக்கார நோயாளிகளை வரைந்த கேலிச்சித்திரத்தைத் திறந்துவைத்தார். முட்டைகளைப் பொறுக்குகிறவர்கள் டாக்டர்கள். ஊரே பகைத்துக்கொண்டது. பதவி போயிற்று, வருமானமும் சுருங்கியது. அவரோ தோள் பற்றிய ஆய்வை விடவில்லை. 1934-இல், தோளுக்கென்றே ஒரு பெரிய நூலைச் சொந்தமாக வெளியிட்டார். இன்று எல்லா டாக்டரும் சொல்கிற 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்ற பெயர் அவர் கொடுத்ததுதான். குனிந்து நின்று, வலிக்கிற கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டும் பயிற்சி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. கை உயரும்போது தோள்பட்டை எலும்பும் கையெலும்பும் சேர்ந்தே அசைகின்றன, அதில் ஒரு லயம் இருக்கிறது என்று எழுதியதும் அவர்தான். 1940-இல் இறந்தபோது கல்லறைக் கல்கூட இல்லை, 2014-இல்தான் வைத்தார்கள்.

அந்த லயத்துக்குக் கணக்கு பிறகு கிடைத்தது. 1944-இல் கலிபோர்னியாவில் இன்மன், சாண்டர்ஸ், அபட் என்ற மூவர், உயிரோடிருக்கும் மனிதரின் எலும்பில் ஊசி பொருத்தியும் தசைகளின் மின்னோட்டத்தைப் பதிந்தும் தோளின் அசைவை அளந்தார்கள். கையை முழுதாகத் தூக்கினால் 180 டிகிரி. அதில் ஏறத்தாழ 120 டிகிரிதான் பந்துக்கிண்ண மூட்டில் நடக்கிறது. மீதி 60 டிகிரி, தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் வழுக்கிச் சுழல்வதால் கிடைக்கிறது. அந்தச் சுழற்சி குறைந்தால் தசைநாண்களுக்கு இடம் நெருக்கடியாகலாம். காறையெலும்பின் முனையைத் தவிர உடம்போடு வேறு எலும்புப் பிணைப்பே இல்லாத இந்தத் தட்டை எலும்பைப் பிடித்து நிறுத்துவது முழுக்கத் தசைகளின் வேலை. அவை தளர்ந்த பின் கையை ஓங்குவது, அடிப்பக்கம் ஆடும் ஏணியில் ஏறுவது போலத்தான்.

பணம் கொழிக்கும் விளையாட்டு ஒன்று இதைக் கையிலெடுத்தது. பேஸ்பால் எறிவீரர்களின் தோள் என்பது கோடிக்கணக்கான டாலர் சமாச்சாரம். லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபிராங்க் ஜோப் குழுவினர் எந்தப் பயிற்சிக்கு எந்தத் தசை விழிக்கிறது என்று மின்பதிவு எடுத்தார்கள். அவர்களது 1992 ஆய்வு, பல பயிற்சிகளைச் சலித்து நான்கை முக்கியம் என்றது. துடுப்பு வலிப்பதுபோல் இழுப்பதும், தண்டால் எடுத்து முடிவில் முதுகை இன்னும் சற்று மேலே தள்ளுவதும் அவற்றில் உண்டு. 1998-இல் கென்டக்கியைச் சேர்ந்த பென் கிப்லர், காலில் பிறக்கும் விசை கைக்குப் போகும் வழியில் தோள்பட்டை எலும்பைத் தாண்டித்தான் போகவேண்டும் என்று எழுதிய கட்டுரை, உலகமெங்கும் பிசியோதெரபிஸ்டுகளின் கண்ணை முதுகுப்பக்கம் திருப்பியது.

ரப்பர் பட்டையின் பூர்விகம் பல் மருத்துவம். பல்லை அடைக்கும்போது எச்சில் படாமல் தடுக்க, 1864-இல் நியூயார்க் பல் மருத்துவர் சான்ஃபோர்டு பார்னம் மெல்லிய ரப்பர் தாளைப் பயன்படுத்தினார். அந்தத் தாளைத் தயாரித்துவந்த ஒஹையோ மாநில அக்ரான் நகர நிறுவனம் ஒன்று, 1970-களின் இறுதியில் அதையே நீளமாக வெட்டி, வண்ணம் கொடுத்து, பயிற்சிப் பட்டையாக விற்கத் தொடங்கியது. டயர் தொழிலால் பெயர்பெற்ற ஊர் அக்ரான். அதன் ஆலைகள் கொழித்த காலத்தில் மலாயா ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்களில் மிகப்பலர் தமிழர்கள். தோள் தேய உழைத்த அந்தத் தலைமுறையை, இந்தப் பட்டையை இழுக்கும்போது நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

எல்லாத் தோள் வலிக்கும் தோள்பட்டை எலும்புதான் காரணமா? இல்லை. வலியே இல்லாதவர்களிடமும் அதன் அசைவு ஒருபக்கம் கோணலாக இருப்பதுண்டு. தோள்பட்டை எலும்புக்கான இந்தப் பயிற்சிகள் வலியைக் குறைத்துக் கையின் அசைவைக் கூட்டுகின்றன. ஆனால் தோளுக்கான மற்ற நல்ல பயிற்சிகளைவிட இவை வெகுவாக உயர்ந்தவை என்று சொல்லிவிட முடியாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இறுக்கம் அதிகம் வரும். அது தளர மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும். வலி சற்றுக் குறைந்ததும் பட்டையைச் சுருட்டி வைத்துவிடாதீர்கள். அடிபட்ட தோள், திடீரென்று தூக்கமுடியாமல் போன கை, விரல்வரை பரவும் மரமரப்பு, இடது தோளோடு சேர்ந்த நெஞ்சு அழுத்தம் என்றால் எந்தப் பயிற்சியும் வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள். மற்றவர்கள் கர்லாக்கட்டை சுற்ற ஆசைப்பட்டால், தெரிந்த ஆசானிடம், இருப்பதிலேயே இலேசான கட்டையில் தொடங்குங்கள்.