முற்றாத கதிரில் பிறந்த தீவனம்

மும்பை மாஹிமில் கட்டிங் சாய் (அரை கிளாஸ் டீ) குடிக்கும்போது, அந்தப் பாலைக் கறந்த எருமை என்ன தின்றது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு காலத்தில் பம்பாய் நகருக்குள்ளேயே தபேலாக்கள் (எருமைக் கொட்டகைக்கு இங்கே அதுதான் பேர்) நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. அவற்றை வெளியே கொண்டுபோகத்தான் 1949-ல் தாரா குரோடி கோரேகாவில் ஆரே பால் காலனியை உருவாக்கினார். கிடைத்தால் பசும்புல், இல்லாவிட்டால் கட்பா எனப்படும் காய்ந்த சோளத்தட்டை, கூடவே பிண்ணாக்கு. எருமையின் சாப்பாடு வெகுகாலம் இவ்வளவுதான்.

இப்போது மகாராஷ்டிரத்துப் பால்பண்ணைகளில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. மராத்தியில் முர்காஸ், நம் ஊர்ப்பக்கம் சைலேஜ் அல்லது ஊறுகாய்ப்புல். கதிரில் பால் இறுகிவரும் பருவத்தில் மக்காச்சோளத்தைத் தட்டையோடு அறுத்து, பொடியாக நறுக்கி, காற்றுப் புகாமல் அமுக்கி மூடிவைக்கிறார்கள். குழியிலும் வைக்கலாம், பிளாஸ்டிக் சுற்றிய பொதியாகவும் விற்பனைக்கு வருகிறது. பிரித்தால் புளித்த வாடை அடிக்கும். மாடு விரும்பித் தின்னும். வெயில் கொளுத்தும் நம் நாட்டுக்கு வந்துசேர்ந்த இந்தப் பண்டம் பிறந்தது வெயில் போதாத ஊரில்.

மக்காச்சோளம் உஷ்ணப் பயிர். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தென்மேற்கு மெக்சிகோவில், தியோசின்டே என்ற காட்டுப்புல்லிலிருந்து மனிதர்கள் அதை உருவாக்கினார்கள். கொலம்பஸுக்குப் பின் ஐரோப்பா போனது. இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர் என்பது பொதுவான கருத்து. இங்கே அதற்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஐரோப்பாவின் வடபாதியில் நிலைமை வேறு. வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இந்தப் பயிர் வளர மறுத்து நிற்கும். இலை வெளிறும். மே மாதம் விதைத்தால் கதிர் முற்றுவதற்குள் இலையுதிர்காலப் பனி வந்துவிடும். தட்டை மட்டும் ஆளுயரத்துக்கு மேல் பச்சையாக நிற்கும். அதைக் காயவைக்கலாம் என்றால் அதற்கும் வெயில் வேண்டுமே.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் அடால்ஃப் ரைலன் என்று ஒரு சர்க்கரை ஆலைக்காரர் இருந்தார். அமெரிக்காவில் சில காலம் வாழ்ந்துவிட்டுத் திரும்பியவர். அங்கத்திய நெட்டை மக்காச்சோளத்தைத் தன் நிலத்தில் பயிரிட்டார். 1860-களில் பச்சைத் தட்டையைக் குழிதோண்டிப் புதைத்துவைத்துப் பார்த்தார். சர்க்கரை பீட்ரூட் சக்கையைக் குழியில் போட்டுவைப்பது சர்க்கரை ஆலைக்காரர்களுக்குப் பழகிய வேலைதான். குளிர்காலத்தில் தோண்டி எடுத்தபோது தட்டை அழுகவில்லை, புளித்திருந்தது.

ஆனால் ஊரறியச் செய்த பெருமை பிரான்சின் ஓகுஸ்த் கொஃபாருக்கு. ஓர்லியான் நகருக்குத் தெற்கே சொலோன் என்ற சதுப்பும் வறட்டு மண்ணுமான பகுதியில் அவருக்குப் பண்ணை. பல ஆண்டுகள் விடாமல் முயன்றார். பலமுறை தீவனம் கெட்டுப்போயிற்று. எதிரி காற்றுதான் என்று கடைசியில் பிடிபட்டது. தட்டையைப் பொடியாக நறுக்கி, கல்கட்டிய தொட்டியில் மிதித்து நிரப்பி, மேலே பலகை பரப்பிப் பாரம் ஏற்றினார். 1877-ல் புத்தகமே எழுதிவிட்டார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அது நியூயார்க்கில் ஆங்கிலத்தில் வந்தது. அமெரிக்கப் பண்ணைகளில் இன்று கோபுரமாக நிற்கும் சைலோக்களுக்கு மூதாதை அந்தத் தொட்டி.

நடப்பது இட்லி மாவில் நடப்பதன் உறவுமுறைதான். காற்று தீர்ந்ததும் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் தட்டையிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலம் சுரக்கின்றன. அமில அளவீடு (pH) 4-ஐ ஒட்டி இறங்கியதும் அழுகவைக்கும் கிருமிகளுக்கு வேலையில்லை. பச்சைப்புல்லில் சர்க்கரை குறைவு என்பதால் பின்லாந்தில் ஏ. ஐ. விர்தானன் வெளியிலிருந்தே அமிலம் ஊற்றிப் பதப்படுத்தும் முறையைக் கண்டார். 1945-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்ததற்கு அதுவும் காரணம். மாட்டுத்தீவனத்துக்கு நோபலா என்று சிரிக்க வேண்டாம். ஆறு மாதம் பனி மூடும் நாட்டில் பால் என்பது சேமித்த தீவனம்தான்.

பிறகு வந்தவர்கள் பயிரையே குளிருக்குப் பழக்கினார்கள். பிரான்சின் இன்ரா ஆய்வு நிறுவனத்தில், லக்கோன் என்ற மலைப்பகுதி நாட்டுரகத்திலிருந்து எடுத்த குளிர்தாங்கும் வம்சத்தை அமெரிக்க ரகங்களோடு கலந்து, 1950-களின் இறுதியில் இன்ரா 258 என்ற வீரிய ரகத்தை வெளியிட்டார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் எந்த வட்டாரத்துக்கு எந்த ரகம் என்று சொல்ல, 1960-களில் 'வெப்ப அலகு' கணக்கு வந்தது. பருவம் முழுக்க நாளொன்றுக்கு எவ்வளவு வெப்பம் சேருகிறது என்று கூட்டிச் சொல்லும் கணக்கு அது.

அந்தக் கணக்கில் வரவு இப்போது கூடிக்கொண்டே போகிறது. டென்மார்க்கில் 1980-களில் பெயருக்குத்தான் மக்காச்சோளம் இருந்தது; 2010-களில் ஒன்றரை லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது, பெரும்பகுதி தீவனத்துக்கு. புதிய ரகங்களும் வெப்பமும் சேர்ந்து செய்த வேலை. தட்டை மட்டுமே கிடைத்த வயலில் கதிரும் இறுகுகிறது, மாவுச்சத்து கூடுகிறது. பருவநிலை மாற்றத்தில் லாபம் பார்த்தவர்கள் பட்டியலில் வட ஐரோப்பியப் பால்பண்ணைக்காரரைச் சேர்ப்பது தவறில்லை. ஆனால் அது இலவசமாகக் கிடைத்த லாபம் இல்லை. 2018 கோடையில் வட ஐரோப்பா முழுக்க வறண்டது. புல் கருகியது, கதிர் பிடிக்காத மக்காச்சோளத்தை அவசரமாக அறுத்துக் குழியில் போட்டார்கள். இலையுதிர்கால மழை கூடினால் அறுவடை இயந்திரம் சேற்றில் சிக்குகிறது. தண்டுத் துளைப்பான் பூச்சியும் வெப்பத்தின் பின்னாலேயே வடக்கே ஏறுகிறது.

அதே 2018-ல்தான் கர்நாடகத்தில் அமெரிக்கப் படைப்புழு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சீக்கிரமே தமிழ்நாட்டு, மகாராஷ்டிர மக்காச்சோளத்தில் புகுந்து குருத்தைத் தின்றது. நம்முடைய தீவன மக்காச்சோளம் ஆப்பிரிக்கன் நெட்டை, மகாராஷ்டிரத்தின் மகாத்மா புலே வேளாண் பல்கலைக்கழகம் தந்த ரகம். பாசனம் இருந்தால் ஆண்டு முழுவதும் விதைக்கலாம். அந்த 'இருந்தால்' என்பதில்தான் சிக்கல். மராத்வாடாவில் 2013-லும் 2019-லும் வறட்சியில் மாடுகளை அரசுத் தீவன முகாம்களில் கொண்டுபோய்க் கட்டினார்கள். வட ஐரோப்பாவில் குளிர்காலத்துக்காகப் புதைத்ததை நாம் கோடைக்காகப் புதைக்க வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் விளைவதை மூடிவைத்தால்தான் ஏப்ரல், மே மாதங்களில் கறவை நிற்காமல் இருக்கும். கட்பாவை விட இது பல மடங்கு நல்ல தீவனம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. குளிர்நாட்டில் திறந்த குழி சில நாள் தாங்கும். நம் வெயிலில் காற்றுப்பட்ட சைலேஜ் சீக்கிரம் சூடேறிப் பூஞ்சை பிடித்துவிடும். பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் நஞ்சு மாட்டோடு நிற்காமல் பாலிலும் இறங்கும். ஊரில் மாடு வைத்திருக்கும் உங்கள் சித்தப்பாவோ மாமாவோ சைலேஜ் பொதி வாங்கினால் சொல்லிவையுங்கள்: மாடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற சிறிய பொதியாக வாங்கட்டும், அன்றைக்கு வேண்டியதை எடுத்தவுடன் இறுக்கிக் கட்டட்டும், பூஞ்சை கண்டதைக் கணக்குப் பார்க்காமல் எருக்குழியில் கொட்டட்டும்.