துலிப் தோட்டத்துக் கட்டுத்துவக்கு

வன்னியில் காட்டுப்பன்றிக்குக் கட்டும் கட்டுத்துவக்கைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் கதைத்து நீங்கள் கேட்டிருக்கலாம். பன்றி வரும் பாதைக்குக் குறுக்கே ஒரு கம்பி. அதில் கால் பட்டால் வெடி. நாங்கள் வாழும் இந்த இங்கிலாந்தில், இருநூறு வருசத்துக்கு முதல், அதே சாமானை மனிதருக்காகக் கட்டினார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அப்போது நாட்டுப்புறத்தில் இன்றுள்ளது போன்ற பொலிஸ் இல்லை. வளவு வைத்திருந்தவர் தன் காவலைத் தானே பார்க்க வேண்டும். காவல்காரன் சம்பளம் கேட்பான், நித்திரையும் கொள்வான். துவக்கு இரண்டும் செய்யாது. முயலும் காட்டுக்கோழியும் பிடிக்க இரவில் வரும் ஏழைகளுக்காகப் பிரபுக்களின் காடுகளில் இதைக் கட்டினார்கள். 1820இல் காட்டில் கொட்டை பொறுக்கப் போன ஒருவர் வெடிபட்டு வழக்குப் போட்டார். துவக்கு இருப்பது அவருக்கு முன்பே தெரியும் என்று சொல்லி, நீதிமன்றம் நட்டஈட்டை மறுத்துவிட்டது.

ஐந்து வருசம் கழித்து நடந்ததுதான் என் மனதில் நிற்கிறது. பிரிஸ்டல் பக்கம் ஒருவர், வீட்டிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மைல் தள்ளி, மதில் கட்டிய தோட்டத்தில் துலிப் வளர்த்தார். அந்தக் காலத்தில் துலிப் கிழங்கு நல்ல விலை போகும். 20 பவுண் பெறுமதியான பூவும் கிழங்கும் களவு போயின. அவர் யோசித்தார்: என்ன களவு போகிறது, எந்த நேரம், எந்தப் பக்கத்தால்? யோசித்துவிட்டுத் துவக்கைக் கட்டினார். அறிவிப்புப் பலகை வைக்கவில்லை. வைத்தால் கள்ளன் உசாராகிவிடுவானாம்!

1825 மார்ச் மாதம், ஒரு பின்னேரம். பக்கத்து வீட்டுப் பெண்மயில் ஒன்று மதிலைத் தாண்டி உள்ளே போய்விட்டது. அதைப் பிடித்துக் கொடுக்க 19 வயதுப் பொடியன் ஒருவன் மதிலில் ஏறினான். ஆள் இருக்கிறதா என்று இரண்டு மூன்று தரம் கூப்பிட்டும் பார்த்தான். பதில் இல்லை. உள்ளே குதித்தான். கம்பி இழுபட்டது, முழங்காலுக்கு மேலே வெடி.

தோட்டக்காரர் கள்ளனை மட்டும்தான் கணக்கில் எடுத்தார். வேறு யார் யார் அந்த மதிலைத் தாண்டக் கூடும் என்று எண்ணிப் பார்க்கவேயில்லை.

1828இல் பொடியனுக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. கொட்டை பொறுக்கியவரின் வழக்கைக் கேட்ட நீதிபதிகளில் ஒருவரான வில்லியம் டிரேப்பர் பெஸ்ட்தான் இதற்கும் தலைமை நீதிபதி. எச்சரிக்கை இல்லாமல் வைத்ததை அவர் மன்னிக்கவில்லை. அதற்கு முதல் வருசமே, 1827இல், பாராளுமன்றம் கட்டுத்துவக்குகளைத் தடைசெய்திருந்தது. எச்சரிக்கைப் பலகை வைத்தாலும் இனிப் பயனில்லை.

அந்தத் தடை 1861ஆம் ஆண்டுச் சட்டத்தில் மறுபடியும் எழுதப்பட்டு இன்றும் அமுலில் இருக்கிறது. பண்ணை வைத்திருப்பவர் நாய் வளர்க்கலாம், கமரா பூட்டலாம். ஆளைக் காயப்படுத்தவென்று துவக்குக் கட்டினால் கட்டியவர் மறியலுக்குப் போக வேண்டி வரும். இரவில், குடியிருக்கும் வீட்டுக்குள் வைப்பதற்கு மட்டும் அந்தப் பழைய சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. இருட்டில் தண்ணி குடிக்க எழும்பும் பிள்ளையை அவர்கள் நினைக்கவில்லைப் போல.