குஞ்சு பொரிக்கும் பெட்டி: சூட்டின் கணக்கும் ஈரத்தின் கணக்கும்

கோழி முட்டை குஞ்சாவதற்கு 21 நாள். இந்தக் கணக்கைத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் பாட்டிமார்களுக்கு எந்தப் புத்தகமும் கற்பிக்கவில்லை. பழைய கூடையில் வைக்கோலைப் பரப்பி, ஒற்றைப்படையில் முட்டைகளை அடுக்குவார்கள். இடி இடித்தால் கரு கலங்காதிருக்க ஓர் இரும்புத் துண்டையும் அடுப்புக்கரியையும் காய்ந்த மிளகாயையும் ஓரத்தில் செருகுவார்கள். பிறகு அடைக்கோழியை அமர்த்திவிட்டுப் பால்வெட்டப் போய்விடுவார்கள். மற்றதைக் கோழி பார்த்துக்கொள்ளும். எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று கோழியிடம் யாரும் கேட்டதில்லை.

கோழியின் இடத்தில் ஒரு பெட்டியை வைத்தபோதுதான் மனிதன் அவ்விரு கேள்விகளையும் கேட்க வேண்டியதாயிற்று. சூட்டைப் பற்றிய கேள்விக்கு நெடுங்காலத்துக்கு முன்பே விடை கிடைத்தது. ஏனெனில் சூட்டைத் தொட்டு அறியலாம். ஈரத்தைத் தொட்டு அறிய முடியாது. ஆகவே அது பல தலைமுறை மனிதரை ஏமாற்றிற்று. இன்றும் நம் பக்கத்தில் கம்பத்துக் கோழி வளர்ப்போரை அது ஏமாற்றுகிறது.

பழங்கதை எகிப்தில் தொடங்குகிறது. கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், எகிப்தில் முட்டைகளை எருக்குவியலில் புதைத்துக் குஞ்சு பொரிக்கிறார்கள் என்று எழுதிவைத்தார். பிற்காலத்தில் அங்கே சென்ற பயணிகள் கண்டவை மண்செங்கல்லால் கட்டிய பெரிய அடுப்பு வீடுகள். நடுவே ஒரு நடைபாதை, இருபுறமும் மேலும் கீழுமாகச் சிற்றறைகள். கீழறையில் முட்டைகள், மேலறையில் சாணமும் வைக்கோலும் கலந்த எரிபொருளின் கனல். நைல் கழிமுகத்திலுள்ள பெர்மா என்னும் ஊரார் இத்தொழிலில் பெயர்பெற்றவர்கள்; தகப்பனிடமிருந்து மகன் கற்றுக்கொள்ளும் குலத்தொழில் அது. அடைகாலத்தின் முதற்பாதி முடிந்ததும் அவர்கள் நெருப்பை அணைத்துவிடுவார்கள் என்பதுதான் நாம் வியக்க வேண்டிய செய்தி. பாதிக்கு மேல் வளர்ந்த கரு தானே சூட்டை வெளியிடுகிறது. அந்தச் சூடே ஆயிரக்கணக்கான முட்டைகளைக் காக்கப் போதுமானது என்பதை, உயிரியல் நூல்கள் எழுதப்படுவதற்கு முன்பே அவர்கள் அறிந்திருந்தார்கள்.

உஷ்ணமானி இல்லாமல் சூட்டை எப்படி அளந்தார்கள்? கண்ணிமையால். உடலில் தோல் மிக மெல்லியதாக உள்ள இடம் அது. அமெரிக்க வேளாண் அறிஞர் எஃப். எச். கிங் 1909இல் சீனாவிலும் ஜப்பானிலும் கொரியாவிலும் பயணம் செய்தார். ஒரு சீனப் பொரிப்பகத்தில், உரிமையாளர் முட்டையை எடுத்து அதன் பருத்த முனையைக் கண்ணில் வைத்து, சூடு சரியா என்று நொடியில் சொன்னதை அவர் 1911இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்தார். நமக்கு இன்னும் அருகில், பிலிப்பீன்ஸின் பத்தேரோஸ் என்ற ஊரில் வாத்து முட்டைகளுக்கு நெல்லே அடுப்பு. நெல்லைச் சட்டியில் சூடாக்கித் துணியில் கட்டி, மூங்கில் கூடையில் ஒரு வரிசை நெல், ஒரு வரிசை முட்டை என்று அடுக்குவார்கள். நெல் ஆறினால் மீண்டும் சூடாக்குவார்கள். தென்கிழக்காசியாவின் ஈரக்காற்றில் வளர்ந்த முறை அது. தனியாகத் தண்ணீர் வைக்கும் வேலை அதில் இல்லை. இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஐரோப்பியர் இந்த வித்தையை அறிவியலாக்க முனைந்தனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரரான கொர்னேலிஸ் டிரெபல், குஞ்சு பொரிக்கும் அடுப்புக்காகவே சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் ஏற்பாடு ஒன்றைச் செய்தார். சூடேறினால் குழாயிலுள்ள திரவம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். அது அடுப்பின் காற்றுவழியை மூடும். இன்று குளிர்பதனப் பெட்டியிலும் சலவைப்பெட்டியிலும் இருக்கும் தானியங்கிச் சூட்டுக் கட்டுப்பாட்டின் மூதாதை அதுதான். நாட்டை ஆளும் கருவிகளையெல்லாம் விட்டுவிட்டுக் கோழிமுட்டைக்காகப் பிறந்தது அந்தப் பெரிய கண்டுபிடிப்பு!

பிறகு பிரெஞ்சு அறிஞர் ரேயோமூர் வருகிறார். தம் பெயரால் ஓர் உஷ்ணமானியையே தந்தவர் அவர். எகிப்தியர் கண்ணிமையால் அறிந்ததை அவர் எண்ணால் சொன்னார்: தம் அளவையில் 32 பாகை, அதாவது இன்றைய கணக்கில் 40 பாகை செல்சியஸ். முட்டைகளை எருவின் சூட்டில் பொரிக்க அவர் முயன்றபோது சூடு சரியாகவே இருந்தும் கருக்கள் செத்தன. எருவிலிருந்து எழுந்த ஈர ஆவியே காரணம் என்று கண்டு, முட்டைகளைப் பீப்பாய்க்குள் வைத்து எருவை வெளியே குவித்தார். பீப்பாய்க்குள் நல்ல காற்று வரச் செய்தார். 1749இல் வெளிவந்த அவருடைய நூல் இம்முயற்சிகளை விரிவாகச் சொல்கிறது. உஷ்ணமானி சரியான எண்ணைக் காட்டும்போதே முட்டை சாகலாம் என்ற பாடம் அதில் இருக்கிறது. ஆனால் அப்பாடம் பரவவில்லை. பரவியது உஷ்ணமானிதான்.

1881ஐ ஒட்டி இங்கிலாந்தில் சார்லஸ் ஹியர்சன் என்பவர் சிறு உலோகச் சிமிழ் ஒன்றை உருவாக்கினார். அதற்குள் சில துளி திரவம். குறித்த சூட்டில் அது கொதித்துச் சிமிழை உப்பச் செய்யும். சிமிழ் ஒரு நெம்புகோலைத் தூக்கி விளக்கின் மேலுள்ள மூடியைத் திறக்கும். மண்ணெண்ணெய் விளக்கால் இயங்கும் பெட்டி இதனால் நம்பத்தக்கதாயிற்று. மின்சாரம் இல்லாத இடங்களில் இவ்வகைப் பெட்டிகள் பல்லாண்டு உழைத்தன. நம் தோட்டங்கள் பலவற்றில் மாலையில் சில மணி நேரம் மட்டும் ஜெனரேட்டர் ஓடிய காலத்தை நினைத்தால் அந்த விளக்கின் அருமை புரியும்.

இங்கே சற்று வழிவிலகிச் செல்லலாம். 1878இல் பாரிஸ் மருத்துவர் ஸ்தெஃபான் தார்னியே, அந்நகர விலங்குத் தோட்டத்தில் குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்தார். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு இதுபோல் ஒன்று ஏன் இருக்கக்கூடாது என்று நினைத்தார். அதைச் செய்த ஒடில் மார்த்தானிடமே குழந்தைகளுக்கான பெட்டியையும் செய்யச் சொன்னார். 1880 முதல் அது மகப்பேற்று மனையில் பயன்பட்டது. 2000 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளில் 100க்கு 66 பேர் இறந்துகொண்டிருந்த நிலை 38ஆகக் குறைந்தது என்று தார்னியேயின் மாணவர் ஒவார் 1883இல் அறிவித்தார். பின்னர் எளிமையாக்கிய பெட்டியில் காற்று வரும் வழியில் ஈரப் பஞ்சு ஒன்றும் வைக்கப்பட்டது. ஈரத்தை மறக்காத பெட்டி அது.

கோழிப்பெட்டிக்காரர்களோ ஈரத்தைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் பஃபலோ நகரிலிருந்த சைபர்ஸ் நிறுவனம் 'ஈரம் வேண்டாத பெட்டி' என்றே விளம்பரம் செய்தது. மற்றவர்கள் தண்ணீர்த் தட்டுகளோடு விற்றார்கள். இரு சாராரும் தம் பெட்டியில் குஞ்சுகள் பொரிவதைக் காட்ட முடிந்தது. அவ்வாறானால் உண்மை எங்கே?

முட்டைதான் அதைச் சொல்கிறது. ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாக முட்டை 21 நாளும் நீரை வெளியே விடுகிறது. அந்த நீர் போன அளவுக்குப் பருத்த முனையில் காற்றறை பெரிதாகும். ஓட்டை உடைப்பதற்கு முன் குஞ்சு தன் முதல் மூச்சை அந்தக் காற்றறையில்தான் இழுக்கிறது. நீர் குறைவாக வெளியேறினால் காற்றறை சிறுத்து, முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகும். மிகுதியாக வெளியேறினால் உள்தோல் காகிதம்போல் காய்ந்து குஞ்சை இறுகப் பற்றிக்கொள்ளும். முதல் 18 நாளில் முட்டை தன் எடையில் 12 அல்லது 13 விழுக்காட்டை இழப்பதே சரியான அளவு. இதற்காகத்தான் நூல்கள் 50 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம் என்கின்றன. கடைசி மூன்று நாளில், உள்தோல் நெகிழ்ந்திருக்க, 65க்கு மேல் 75 வரை வேண்டும்.

இனி நம்மூர் காற்றுக்கு வருவோம். ஜெஞ்சாரோம் கோல லங்காட் மாவட்டத்தின் தாழ்நிலத்தில் இருக்கிறது. 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டு, 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தபின் சீனக் குடியானவர்களைக் கூட்டிக் குடியமர்த்திய புதுக்கிராமங்களுள் இதுவும் ஒன்று. சுற்றிலும் தோட்டங்கள், அவற்றின் லயங்களில் நம் மக்கள். புதுக்கிராமத்து வீட்டின் பின்புறமும் லயத்தின் பின்புறமும் கோழிக்கூடு இருந்தது. 1960களுக்குப் பிறகு பண்ணைக்கோழி பெருந்தொழிலானது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. ஆனால் கம்பத்துக் கோழிக்கு இன்றும் நல்ல விலை உண்டு. ஆகவே பலர் சிறிய மின்சாரப் பெட்டியை வாங்கிச் சொந்தமாகக் குஞ்சு பொரிக்கிறார்கள். மாத வருமானத்தோடு நாலு காசு சேர்க்கும் முயற்சி அது. முட்டைகள் பாதி செத்தால் அந்த நாலு காசும் போயிற்று.

நம் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியது. அப்படியென்றால் பெட்டிக்குள்ளும் 80 இருக்குமென்று சிலர் அஞ்சுகிறார்கள். வேறு சிலர் புத்தகம் சொன்னபடி தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இரண்டும் தவறு. 27 பாகையில் 80 விழுக்காடு ஈரமுள்ள ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 20 கிராம் நீராவி இருக்கும். 37.5 பாகைக்குச் சூடாக்கப்பட்ட காற்றோ 45 கிராம் வரை தாங்கவல்லது. ஆகவே அதே நீராவி பெட்டிக்குள் 44 விழுக்காடாகவே நிற்கும். முட்டைகள் தாமே வெளியிடும் நீரும் சேர, சிறு பெட்டியில் அது 50ஐ நெருங்கிவிடும். முதல் 18 நாளுக்கு மிகச் சிறிய கிண்ணத் தண்ணீரே போதும். சில வேளை அதுவும் வேண்டாம்.

ஐரோப்பியக் குளிர்காலத்தில் 5 பாகையில் அதே 80 விழுக்காடு ஈரமுள்ள காற்றை எடுத்துக்கொள்வோம். பெட்டிக்குள் சூடானதும் அதன் ஈரப்பதம் 11 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அங்கே தண்ணீர்த் தட்டு உயிர்நாடி. சித்திரை வெயிலில் காயும் கொங்குநாட்டிலும் தண்ணீர் வேண்டும். நாமக்கல், பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்கள் தமிழில் சொல்லும் அறிவுரை அந்தக் காற்றுக்குரியது. மொழி நம்முடையதாக இருப்பதால் கணக்கும் நம்முடையது என்று கொள்ளலாகாது. குளிர்பதனம் ஓடும் அறையில் பெட்டியை வைப்பவர்களுக்கு மட்டும் நாம் சொன்னது பொருந்தாது. அந்தக் காற்று உலர்ந்தது.

சூட்டின் எண்ணிலும் இத்தகைய குழப்பம் உண்டு. பழைய விளக்குப் பெட்டியில் காற்று அசையாது. மேலே சூடு, கீழே குளிர்ச்சி. ஆகவே முட்டையின் மேல்மட்டத்தில் 38.9 பாகை என்று வைத்தார்கள். விசிறி பொருத்திய பெட்டியில் எங்கும் ஒரே சூடு, அதற்கு 37.5 முதல் 37.8 வரை. முதல் எண்ணை இரண்டாம் பெட்டியில் வைத்தால் கரு வெந்துபோகும். விசிறிப் பெட்டியின் வரலாறு நீதிமன்றம் வரை போனது. அமெரிக்காவின் ஸ்மித் என்பவர் 1918இல் காப்புரிமை பெற்ற முறையில், முதிர்ந்த முட்டைகளின் சூட்டைக் காற்றோட்டம் இளம் முட்டைகளுக்குக் கொண்டுசெல்லும். பிறர் அதைப் பின்பற்ற, வழக்கு நடந்து, 1935இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஸ்மித்தின் உரிமையை ஏற்றது. பாதிக்கு மேல் நெருப்பை அணைத்த பெர்மா ஊரார் இந்த வழக்கைக் கேள்விப்பட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஈரமானி மலிவுப் பொருளானால் பொய் சொல்லும். தராசு அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது. 10 முட்டைகளை முதல் நாள் நிறுத்துக் குறித்துக்கொள்ளலாம். 400 கிராம் என்றால், 7ஆம் நாள் ஏறத்தாழ 380 கிராமும் 18ஆம் நாள் 350 கிராமும் இருக்க வேண்டும். எடை போதிய அளவு குறையவில்லையா, தண்ணீரை எடுத்துவிட்டுக் காற்றுத்துளையைத் திறக்க வேண்டும். மிகவும் குறைந்துவிட்டதா, தண்ணீரின் பரப்பைக் கூட்ட வேண்டும். ஆழத்தைக் கூட்டிப் பயனில்லை. நீராவி எழுவது பரப்பிலிருந்துதான். 7ஆம் நாள் இருட்டில் விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால் கூமுட்டைகளையும் தனியே எடுத்துவிடலாம். நாளும் பலமுறை முட்டையைத் திருப்புவது 18ஆம் நாளோடு நிற்க வேண்டும்.

அந்நாள் முதல் தண்ணீர்ப் பரப்பைக் கூட்டி மூடியைச் சாத்திவிட்டால், குஞ்சுகள் வெளிவந்து உலரும்வரை திறக்கலாகாது. ஒருமுறை திறந்தாலே சேர்ந்த ஈரம் வெளியேறி, பாதி ஓடு உடைத்த குஞ்சின் மேல் உள்தோல் காய்ந்து ஒட்டும். உள்ளே கத்தும் குஞ்சுகள் பசியால் வாடுமே என்று நம் வீட்டுத் தாய்மார்கள் இரக்கப்படுவார்கள். பொரிவதற்குச் சற்று முன் மஞ்சள்கருவின் மிச்சத்தைக் குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. இரண்டு நாள் வரை அதுவே உணவு. 1892இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலிருந்து ஒருநாள் குஞ்சுகளை இரையோ தண்ணீரோ இல்லாமல் ரயிலில் சிக்காகோவுக்கு அனுப்ப முடிந்தது இதனால்தான். ஜெஞ்சாரோமில் பெட்டிக்குள் இருக்கும் குஞ்சு மறுநாள் காலை வரை தாராளமாகக் காத்திருக்கும்.