டார்வின் ஏன் நம்பிக்கை இழந்தார்?

கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவரைக் கண்டால், அதற்குரிய காரணத்தை நாமே கூறிவிடுகிறோம். "படிப்பு மிகுந்துவிட்டது" என்பர் சிலர். "வாழ்க்கையில் பெரிய அடி பட்டிருப்பார்" என்பர் வேறு சிலர். "கடைசிக் காலத்தில் எல்லாம் சரியாகிவிடும்" என்பாரும் உண்டு. இம்மூன்றையும் சார்லஸ் டார்வினைப் பற்றியும் உலகம் கூறியிருக்கிறது. ஆனால் டார்வினோ தம் மனம் மாறிய வரலாற்றைத் தம் கைப்படவே எழுதி வைத்துச் சென்றார். அந்தச் சான்றைக் கொண்டு இம்மூன்று விடைகளையும் சோதித்துப் பார்ப்போமா?

குருவாக வேண்டியவர்

டார்வின் 1809ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பெயர் பெற்ற மருத்துவர். மகனையும் மருத்துவம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத அக்காலத்து அறுவை சிகிச்சையைக் காணச் சகியாமல் மகன் அப்படிப்பைக் கைவிட்டார். பின்னர், கிறிஸ்தவக் குருவாக்கும் எண்ணத்துடன் தந்தை அவரைக் கேம்பிரிட்ஜில் சேர்த்தார்.

அங்கே டார்வினைக் கவர்ந்தவை வில்லியம் பேலி என்ற குருவின் நூல்கள். ஒரு கடிகாரத்தைக் கண்டால் அதைச் செய்தவர் ஒருவர் இருப்பார் என அறிகிறோம் அல்லவா? அதுபோல, கண் போன்ற நுட்பமான உறுப்பைக் கண்டால் அதைப் படைத்தவர் ஒருவர் உண்டு எனத் தெளியலாம் என்றார் பேலி. இந்த வாதம் இளம் டார்வினுக்கு முழு நிறைவு அளித்தது. 1831 டிசம்பரில் பீகிள் கப்பலில் புறப்பட்டபோதும் அவர் நம்பிக்கை குன்றவில்லை. ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சில் அவர் விவிலியத்தை ஆதாரம் காட்ட, கப்பல் அதிகாரிகள் சிலர் நகைத்தார்களாம்!

சான்று எங்கே?

1836 அக்டோபரில் நாடு திரும்பியபின், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் சமயத்தைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தார். இயற்கை மாறாத விதிகளின்படி இயங்குகிறது என்பதை அறிய அறிய, அற்புதங்களை நம்புவது அவருக்குக் கடினமாயிற்று. நற்செய்தி நூல்கள், அவை கூறும் நிகழ்ச்சிகள் நடந்த காலத்திலேயே எழுதப்பட்டவை என்று நிறுவ முடியவில்லை. பாறைகளையும் பறவைகளையும் ஆராய எந்த அளவுகோலைப் பயன்படுத்தினாரோ, அதே அளவுகோலைத் தம் நம்பிக்கைக்கும் பயன்படுத்தினார்.

இதற்கும் மேலான ஒரு தடை இருந்தது. நம்பாதவர்கள் என்றென்றும் நரகத்தில் வேதனையுறுவர் என்பது அன்றைய போதனை. டார்வினின் தந்தையும், தமையனும், நெருங்கிய நண்பர் பலரும் நம்பிக்கையற்றவர்கள், ஆயினும் நல்லவர்கள். இவர்களுக்கு முடிவில்லாத் தண்டனையா? இதனை அவருடைய அறவுணர்வு ஏற்கவில்லை. நம்பிக்கையின்மை மிக மெல்ல வந்து சேர்ந்தது என்றும், அதனால் மனவேதனை ஏற்படவில்லை என்றும் அவர் எழுதினார்.

படிப்புதான் காரணமா?

இயற்கைத் தேர்வுக் கொள்கை பேலியின் கடிகார வாதத்தை வீழ்த்தியது உண்மை. கண் போன்ற உறுப்பும் சிறு சிறு மாறுதல்களால் தலைமுறை தலைமுறையாக உருவாக முடியும் என்று அது காட்டியது. ஆனால் அதே கொள்கையை ஏற்று, அதற்காக அமெரிக்காவில் வாதாடிய தாவரவியலறிஞர் ஏசா கிரே உறுதியான கிறிஸ்தவர்! ஆகவே விஞ்ஞானம் மட்டுமே விடை ஆகாது.

1860 மே மாதம் கிரேக்கு எழுதிய கடிதத்தில் டார்வின் தம் உள்ளத்தைத் திறந்து காட்டினார். இக்நியூமன் என்னும் ஒருவகைக் குளவி, உயிருள்ள புழுவின் உடலுக்குள் முட்டையிடுகிறது. பொரித்து வரும் குஞ்சுகள் அப்புழுவை உள்ளிருந்தே தின்று வளர்கின்றன. அன்பும் ஆற்றலும் மிக்க ஒருவர் இதனைத் திட்டமிட்டுப் படைத்திருப்பாரா? இக்கேள்விக்கு டார்வினால் விடை காண இயலவில்லை. அதே வேளையில், இவ்வியத்தகு உலகம் வெறும் குருட்டு ஆற்றலின் விளைவு என்று கொள்ளவும் அவர் மனம் இடந்தரவில்லை. மனித அறிவுக்கு எட்டாத பொருள் இது என்றே கருதினார்.

துயரம்தான் காரணமா?

டார்வினின் செல்ல மகள் ஆனி, 1851 ஏப்ரல் 23இல் தன் 10ஆம் வயதில் மால்வெர்ன் என்னும் ஊரில் இறந்தாள். கருவுற்றிருந்த தாய் எம்மாவால் அங்கே செல்ல இயலவில்லை, தந்தைதான் அருகிருந்தார். இந்த இழப்பை அவர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. ஆனால் அவருடைய ஐயங்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தோன்றிவிட்டன. மேலும், தாம் நம்பிக்கை இழந்ததற்கு மகளின் மரணத்தை அவர் காரணமாகக் கூறவுமில்லை. அதே மகளை இழந்த எம்மா, தம் நம்பிக்கையைக் கைவிடவில்லை என்பதையும் நினைவில் கொள்க.

எம்மாவைப் பற்றியும் சிறிது அறிய வேண்டும். திருமணத்துக்கு முன், ஐயங்களை மனைவியிடம் மறைத்துவிடுமாறு டார்வினுக்குத் தந்தை அறிவுரை கூறினார். டார்வின் மறைக்கவில்லை. 1839இல் மணம் முடிந்த சிறிது காலத்தில் எம்மா கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நாம் என்றென்றும் ஒருவருக்கொருவர் உரியவர் அல்லவென்று எண்ண நேர்ந்தால் அதைத் தாங்க முடியாது என்ற கவலை அதில் இருந்தது. டார்வின் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். அதை முத்தமிட்டுப் பலமுறை அழுததாக அதன்மீதே குறித்து வைத்தார். கருத்து வேற்றுமை தீரவில்லை, இல்லறமும் குலையவில்லை. டவுன் கிராமத்துக் குரு ஜான் இன்னிஸ் டார்வினின் நெடுநாள் நண்பர். ஊர் அறநிதிகளின் கணக்கையும் டார்வின் பார்த்து வந்தார்.

கடைசியில் மாறினாரா?

1879இல் எழுதிய ஒரு கடிதத்தில், தாம் கடவுளை மறுக்கும் நாத்திகராக ஒருபோதும் இருந்ததில்லை என்றும், உண்டு இல்லை என்று முடிவு கூற இயலாதவர் என்பதே தமக்குப் பொருந்தும் என்றும் கூறினார். 1882 ஏப்ரல் 19இல் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தனர்.

1915இல் ஹோப் சீமாட்டி என்பவர் பெயரால் அமெரிக்காவில் ஒரு கதை வெளியாயிற்று. டார்வின் இறுதிக் காலத்தில் மனம் வருந்தி விவிலியத்தை நாடினார் என்றது அக்கதை. மரணப் படுக்கையருகே இருந்த மகள் ஹென்ரியட்டா 1922இல் இதை மறுத்தார். ஆயினும் கதை இன்றுவரை உலவுகிறது. டார்வினின் சொந்தச் சொற்களோ நீண்ட காலம் முழுமையாக வெளிவரவில்லை. நரகத்தைப் பற்றிய கடுமையான பகுதி, எம்மாவின் விருப்பப்படி 1887ஆம் ஆண்டுப் பதிப்பில் விடப்பட்டது. பேத்தி நோரா பார்லோ 1958இல்தான் தன்வரலாற்றை முழுமையாக வெளியிட்டார்.

ஆக, நாம் சோதித்த மூன்று விடைகளில் ஒன்றுகூட முழுமையாகத் தேறவில்லை. சான்று தேடும் பழக்கம், அறவுணர்வு, உயிர்கள் படும் துன்பம் ஆகிய மூன்றும் பல ஆண்டுகள் சேர்ந்து செயற்பட்டே டார்வினை மாற்றின. இவற்றை எல்லாம் எடைபோட்டு, வேறு முடிவுக்கு வந்த கிரேயும் நேர்மையானவரே. நம்பாதவர் ஒருவரை நீங்கள் சந்தித்தால் காரணத்தை நீங்களே கற்பித்துக்கொள்ள வேண்டாம், அவரையே கேளுங்கள். நம்புகிறவரிடமும் அவ்வாறே கேளுங்கள். ஒரு குளவியை ஆராயும்போது காட்டும் பொறுமையை, மனித உள்ளத்தை அறிவதிலும் காட்டுவதுதானே முறை?