ஏலமலையில் ஒரு கன்றின் சரித்திரம்

உயிரித் தொழில்நுட்பம் என்றவுடன் கண்ணாடிக் குடுவைகளே நினைவுக்கு வருகின்றன. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறினால் அதன் வேறொரு சரித்திரம் தென்படும்.

ஏலச்செடி தேனீக்களால் அயல்மகரந்தச் சேர்க்கை பெறுவது. ஆகவே விதையில் பிறக்கும் செடி தாயைப் போலவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நல்ல தூரிலிருந்து பக்கக்கன்று பிரித்து நட்டால் குணம் மாறாது. ஆனால் தூரில் அசுவினி பரப்பிய 'கட்டே' நச்சுயிரி இருந்தால், அதுவும் கூடவே வந்துவிடும்.

1978இல் இடுக்கி மாவட்டத்து மைலாடும்பாறையில் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1980களில் திசு வளர்ப்பும் ஏலத்துக்கு வந்தது: நோயற்ற தாய்ச்செடியின் மொட்டிலிருந்து ஆயிரமாயிரம் கன்றுகள்.

எனினும் மலையின் முகத்தை மாற்றியது ஆய்வகம் அன்று. கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்தில் கண்டு தேர்ந்த 'ஞள்ளானி' ரகமே, பக்கக்கன்றுகளின் வழியாகச் சரிவெங்கும் பரவியது. போடியில் விலைபோகும் காயிலும் அதன் வாரிசுகள் ஏராளம்.

குடுவையிலோ மண்ணிலோ, இரண்டும் படியெடுப்பே. படிகளுக்குப் பலம் ஒன்றென்றால் பலவீனமும் ஒன்றே. ஒரு புதிய நோய் போதும், எல்லாம் ஒருசேர வீழ. அன்று கைகொடுக்கக்கூடியவை காட்டேலமும், ஒன்றுபோல் ஒன்று இராத அந்த விதைகளும்தாம். சோலைகளை அழித்துவிட்டு அவற்றைக் குடுவையில் தேட முடியாது.